பூதக்கண்ணாடியோடு ஓர் அகராதி, அதற்குள் 'செக்'

'காம்பேக்ட் எடிஷன்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அகராதி என்று நினைத்து யாரும் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். நான் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1971ஆம் ஆண்டு இரண்டு தொகுதிப் பதிப்பை. இதில் சுருங்கியது எழுத்தின் அளவு மட்டும்தான், விஷயத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை. 1928இல் நிறைவுபெற்ற முழு அகராதியையும், 1933இல் வந்த இணைப்புத் தொகுதியையும் அப்படியே படம்பிடித்து, பழைய பக்கங்கள் நான்கை ஒரே பக்கத்தில் அடைத்திருக்கிறார்கள். விளக்கம் பெற்ற சொற்கள் 414,825. மேற்கோள்கள் பதினெட்டு லட்சத்துக்கும் மேல். இரண்டு தொகுதிகளும் ஒரு கெட்டி அட்டைப் பெட்டிக்குள் நிற்கும். பெட்டியின் மேல்பக்கம் ஒரு சின்ன இழுப்பறை, அதைத் திறந்தால் பூதக்கண்ணாடி.

என்னுடையது பழைய புத்தகமாக வாங்கியது. முதல் தொகுதி ஏ முதல் ஓ வரை, இரண்டாவது பி முதல் இசட் வரை. மடியில் வைத்துப் படிக்கிற எடை கிடையாது. மேசை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். தலைச்சொல் வெறுங்கண்ணுக்கே தெரியும், விளக்கத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்து ஒப்பேற்றலாம். அதற்குக் கீழே வரும் மேற்கோள்கள் மூல அச்சிலேயே பொடி எழுத்து, இங்கே பொடியிலும் பொடி. இழுப்பறைக் கண்ணாடி இளம் கண்களுக்குப் போதும். என் வயதுக்கு விளக்கு பொருத்திய பெரிய லென்ஸ் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் மேற்கோள்களை ஒழுங்காகப் படிக்க முடிந்தது. மேற்கோள் படிக்கும் எண்ணம் இல்லாதவருக்கு இந்த அகராதி வீண்செலவு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அகராதியைச் சோதிக்க யாருக்கும் தெரியாத சொல்லாகத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. அரிய சொல்லுக்கு ஒரு பொருள், இரண்டு மேற்கோள், வேலை முடிந்தது. அகராதி தேறுவதும் திணறுவதும் சாதாரணச் சொல்லில்தான். நான் வங்கியில், கிளியரிங் பிரிவில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். காலையில் மற்ற வங்கிகளிலிருந்து வந்த செக் கட்டைப் பிரித்து, தேதி பார்த்து, தொகையை எழுத்திலும் எண்ணிலும் ஒத்துப்பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, பாஸ் பண்ணுவதோ திருப்பி அனுப்புவதோ என் பிழைப்பாக இருந்தது. செக்கை செக் பண்ணுகிற வேலை. ஆகவே நான் எடுத்துக்கொண்ட சொல் 'செக்'.

தமிழ்ப் பேச்சிலேயே இதை எத்தனை விதமாகப் புழங்குகிறோம் பாருங்கள். வங்கியில் கொடுப்பது செக். வீட்டைப் பூட்டினோமா என்று ஒருமுறை செக். கட்டம் போட்ட சட்டைக்கு செக். வண்டியை மறிக்கும் இடம் செக்போஸ்ட். எதிராளி தப்பிக்க வழியில்லாமல் செய்தால் 'செக் வைத்துவிட்டான்'. இவை அனைத்தும் ஒரே சொல்லின் பிள்ளைகளா, அல்லது ஒலி மட்டும் ஒத்துப்போன வெவ்வேறு சொற்களா? இந்தக் கேள்வியோடு முதல் தொகுதியைத் திறந்தேன்.

கையடக்க அகராதிகள் இன்றைக்கு அதிகம் புழங்கும் பொருளை முதலில் வைக்கும்: 'சரிபார்'. அவசரக்காரருக்கு அதுதான் வேண்டும், குற்றம் சொல்ல முடியாது. பேரகராதியில் வயதுதான் கணக்கு. எது முதலில் பிறந்ததோ அது முதலில் நிற்கும், பிள்ளையும் பேரனும் பின்னால் வரும். அப்படிப் பார்த்தால் இந்தச் சொல்லின் தலைப்பில் நிற்பது வங்கியும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது கொடுக்கும் குரல்.

பாரசீகத்தில் ஷா என்றால் அரசர். ஆட்டம் அரபு நாடுகள் வழியாக மேற்கே போனபோது ஷாவும் கூடவே போனார். இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆனார், பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆனார். முன்னாலிருந்த ஒலியை ஆங்கிலம் உதிர்த்துவிட, மிஞ்சியது 'செக்'. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது 'செஸ்'. அதாவது செக் என்றால் ராஜா, செஸ் என்றால் ராஜாக்கள். படையின் நான்கு அங்கங்களை வைத்து நம் பக்கம் இட்ட பெயர் சதுரங்கம். அது பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியில் ஷத்ரஞ்ச் ஆகி, ஸ்பானிய மொழியில் 'அஹெத்ரெஸ்' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் இத்தாலியனும் படையை விட்டுவிட்டு ராஜாவைப் பிடித்துக்கொண்டன.

'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. இந்த 'மாத்' எந்தச் சொல் என்பதில் இரண்டு கட்சி. 'இறந்தான்' என்ற அரபு வினை என்பது நெடுங்காலமாகச் சொல்லிவந்த விளக்கம். 'கதியற்று நின்றான்' என்ற பாரசீகப் பொருள்தான் சரி என்பது இன்னொரு கட்சி. ஓரளவு ஆட்டம் தெரிந்தவன் என்ற முறையில் என் ஓட்டு இரண்டாவதற்கே. பலகையில் ராஜா ஒருபோதும் வெட்டுப்படுவதில்லை. போக ஒரு கட்டம்கூட இல்லாமல் நிற்கிறார், அதோடு ஆட்டம் முடிகிறது.

சரி, ஆட்டக் குரலிலிருந்து வங்கி மேசைக்கு எப்படி வந்தது? குரல் எழுந்ததும் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். இந்த 'நின்றே ஆகவேண்டும்' என்கிற நிலைமைதான் அடுத்து வந்த பொருள்களுக்கெல்லாம் தாய். அதிலிருந்து திடீர்த் தடை, பின்னடைவு, கண்டிப்பு. பிறகு ஒருவரை எல்லைக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு. கட்டுப்பாட்டுக்கு ஒரு வழி, இவர் கணக்கை அவர் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. 'சரியா என்று பார்' என்ற இன்றைய பொருள் இந்த வரிசையில் மெதுவாக, கடைசிப் பக்கமாக வந்து சேர்ந்தது. அதிகாரத்தின் ஒரு பிரிவு இன்னொன்றை மிஞ்சவிடாமல் தடுப்பதை அமெரிக்க அரசியல்காரர்கள் சொல்லும்போது வருவதும், ஐஸ் ஹாக்கியில் ஆளை உடம்பால் மோதி நிறுத்துவதும் நடுவிலிருக்கும் தடைப் பொருள்.

இடையில் வேட்டைக்காரர்களும் சொல்லை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏவிய ராஜாளி தன் இரையை விட்டுவிட்டு, குறுக்கே பறந்த ஏதோ ஒரு பறவையின் பின்னால் போனால் அதற்கும் செக் என்று பெயர். இப்படிப்பட்ட பொருள்களைத் தேடிப் போக வேண்டாம், வரிசையாகப் படித்தால் தானாக எதிர்ப்படும். வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சின்னக் கத்தி போல ஒரு குறி இருக்கும். லென்ஸில் அந்தக் கத்தி தெரிந்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

அடுத்து வருகிற கிளையில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'. அதிலிருந்து ஆங்கிலத்தில் 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டிஷ் நிதியமைச்சரை இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்கிறார்களே, அதே சொல். முன்னால் ஒட்டியிருக்கும் 'எக்ஸ்' லத்தீன் முன்னொட்டைப் பார்த்து யாரோ ஒட்டிவிட்ட எழுத்து, மூலத்தில் கிடையாது. கஜானாவுக்கும் சதுரங்கப் பலகைக்கும் என்ன உறவு? இதற்கு அந்தக் காலத்து சாட்சியே இருக்கிறது. இங்கிலாந்து அரசின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில், குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல லத்தீனில் ஒரு நூல் எழுதினார். சீடன் கேட்கும் ஆரம்பக் கேள்விகளில் ஒன்று, எக்ஸ்செக்கர் என்றால் என்ன என்பது.

குரு சொல்லும் பதில் மேசையின் அளவில் தொடங்குகிறது. சுமார் பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. அதன்மேல் கோடு போட்ட கருப்புத் துணி, கோட்டுக்குக் கோடு ஓர் அடியோ ஒரு சாணோ இடைவெளி. அந்தப் பத்திகளில் காசுகளைக் காய்களாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, அதற்கப்புறம் இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள் என்று போகும். இதன் அருமை கணக்கு எழுதியவர்களுக்குப் புரியும். அவர்கள் கையில் இருந்தது ரோமன் எண். அதை வைத்துக்கொண்டு தாளில் கூட்டிக் கழிப்பது தண்டனை. பூஜ்யம் இல்லாத குறையைத் துணியில் காலியாக விட்ட இடம் தீர்த்துவைத்தது. மாவட்டத்து வரியை வசூலித்து அரசருக்குக் கட்டவேண்டிய அதிகாரி ஷெரீஃப். எழுத்துப் படிக்காத ஷெரீஃப்கூட எதிரே நின்று தன் பாக்கி எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

பெயருக்கு ஃபிட்ஸ்நீல் இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, துணி சதுரங்கப் பலகைபோல இருக்கிறது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பலகையில் இரண்டு ராஜாக்கள் மோதுவதுபோல, இந்த மேசையில் பொருளாளருக்கும் கணக்குக் காட்ட வந்த ஷெரீஃபுக்கும் போர் நடக்கிறது, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள் என்கிறார். தணிக்கை நாளில் வங்கிக் கிளைக்குள் உட்கார்ந்திருந்த எவரும் இந்த வரியை மறுக்கமாட்டார்கள்.

மேசையிலிருந்து குச்சிக்குப் போகலாம். கட்டிய பணத்துக்கு ரசீதாக அவர்கள் கொடுத்தது வெட்டுப் போட்ட மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனத்தில் வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் கனம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு. பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்காமல் ஒரு கீறல் மட்டும். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளப்பார்கள். வெட்டு இரண்டு பாதியிலும் விழுந்திருக்கும். பெரிய பாதி பணம் கட்டியவரிடம், மற்றது கஜானாவில். எவராவது தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினால் மற்ற பாதியோடு சேர்த்துவைத்த உடனே குட்டு உடையும். கஜானாவில் தங்கிய பாதிக்கு 'ஃபாயில்' என்று பெயர். செக் புத்தகத்தில் நாம் அடிக்கட்டை என்று சொல்லும் 'கவுன்ட்டர்ஃபாயில்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் இந்த ஃபாயில்தான்.

இந்தக் குச்சிகளின் முடிவை எந்தக் கதாசிரியரும் யோசித்திருக்க மாட்டார். 1826இல் முறையை நிறுத்தினார்கள். மலைபோலக் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி சூடேறித் தீ பிடித்து, அன்று இரவே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் எரிந்து போயின. பழைய ரசீதை அழிக்கும்போது எச்சரிக்கை தேவை என்று எங்கள் கிளை மேலாளர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது. இந்தத் தீ விபத்து 'செக்' பதிவில் வராது, பேரகராதி அவ்வளவு தூரம் கதை பேசாது. அது தரும் தேதியைப் பிடித்துக்கொண்டு நான் வரலாற்றுப் புத்தகங்களுக்குப் போய் வந்தேன். இந்த அகராதியோடு வாழ்வது என்றால் இப்படி அடிக்கடி வெளியே போய்வருவதுதான்.

இனி வங்கி செக். இதற்குத் தனிப் பதிவே இருக்கிறது, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலோடு. என் தொழில்மீது எனக்கிருந்த எண்ணத்தையே மாற்றிய பதிவு இது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்று பெயர் பெற்றிருந்தது நாம் கிழித்துக் கொடுக்கும் தாள் இல்லை, நம்மிடம் தங்கும் அடிக்கட்டை. கள்ளக் கையெழுத்துக்கும் திருத்திய தொகைக்கும் தடை போடுவது அதுதானே. தடுப்பது எதுவோ அதற்குத்தான் செக் என்ற பெயர் பொருந்தும். பிறகு அப்படி அடிக்கட்டை வைத்த தாளுக்குப் பெயர் நகர்ந்தது. கொஞ்ச நாளில் தாள் முழுப்பெயரையும் எடுத்துக்கொண்டது. அடிக்கட்டைக்கு வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

எழுத்துக்கூட்டலில் ஒரு வேடிக்கை. அமெரிக்கர்கள் வங்கி செக்கையும் சாதாரண செக்கையும் ஒரே மாதிரி, check என்று, எழுதுகிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பிரிட்டிஷ் ஆங்கில விசுவாசிகள் எங்கள் அலுவலகத்திலும் இருந்தார்கள். வயதில் மூத்தது அமெரிக்கர் எழுதும் வடிவம்தான். வாலில் கியூ வைத்த cheque என்ற வடிவம் எக்ஸ்செக்கரின் சாயலில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு கூடுதல் தகவல், இது அகராதியில் இல்லை, தொழிலில் தெரிந்தது: செக்கின் குறுக்கே இரண்டு கோடு போட்டு 'கிராஸ்' பண்ணுகிறோமே, அது வங்கிகள் ஒன்றுக்கொன்று செக்குகளை மாற்றிக்கொள்ளும் லண்டன் கிளியரிங் ஹவுஸில் குமாஸ்தாக்கள் தங்கள் வங்கியின் பெயரைக் குறுக்கே எழுதிவைத்த பழக்கத்தில் பிறந்தது. எங்கள் ஜாதி கண்டுபிடித்தது என்று கொஞ்சம் பெருமை.

மற்ற கிளைகளை வேகமாகத் தாண்டலாம். கட்டம் போட்ட துணி நேரடியாகப் பலகையின் பிள்ளை. ஏற்ற இறக்கமான வாழ்க்கையை ஆங்கிலத்தில் 'செக்கர்டு' என்பதும் கருப்பும் வெள்ளையும் மாறிமாறி வருவதால். அமெரிக்க உணவகத்தில் பில்லுக்குப் பெயர் செக். போட்டிருக்கும் கோட்டைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்குவதும் செக். நாம் டிக் என்று சொல்லும் குறிகூட அங்கே செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வரலாம் என்று கொடுத்த சீட்டு 'ரெயின் செக்', இப்போது விருந்துக்கு வர முடியாதவர்கள் சொல்லும் சாக்காக அது வளர்ந்துவிட்டது.

என் கேள்விக்கு விடை கிடைத்தது: எல்லாம் ஒரே ராஜாவின் வம்சம். இதை இரண்டு வரியில் சொல்லும் இலவச இணையதளங்கள் நிறைய உண்டு என்பீர்கள். உண்டுதான். ஆனால் அவை சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும், இது காட்டுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே தேதியோடு மேற்கோள்கள் நிற்கின்றன. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாத லெட்ஜர் இது. யாரோ ஒருவர் இந்த ஆண்டில், இந்த வாக்கியத்தில், இந்தப் பொருளில் எழுதினார் என்று தாள் இருக்கிறது. பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்ததை ஆசிரியர் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை, தேதிகளைப் படித்துக்கொண்டே போனால் நமக்கே தெரிகிறது. சந்தேகமான கையெழுத்தை மூன்று பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த முறை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அந்தத் தாள்கள் சேர்ந்த விதமும் தெரிந்திருக்க வேண்டும். 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பேச்சு தொடங்கியது. 1879இல் ஜேம்ஸ் மர்ரி பொறுப்பேற்றார். தோட்டத்தில் இரும்புத் தகரக் கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்ன அறைகள் கொண்ட அலமாரியை வைத்து, உலகெங்கிலும் தன்னார்வலர்கள் புத்தகங்களிலிருந்து எழுதியனுப்பிய துண்டுத் தாள்களை அதில் அடுக்கினார்கள். முதல் பகுதி 1884இல் வந்தது, ஏ எழுத்தையே முடிக்காமல். மர்ரி 1915இல் காலமானார், வேலை முடிந்தது 1928இல். ஒரு தாள் தொலைந்ததால் 'பாண்ட்மெய்ட்', அதாவது அடிமைப் பெண், என்ற சொல் முதல் பதிப்பில் விட்டுப்போய் 1933 இணைப்பில்தான் இடம்பிடித்தது. லட்சக்கணக்கான தாளில் ஒன்று தவறியதை உலகமே இன்னும் பேசுகிறது என்றால் மற்றவை எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்!

குறைகளும் உண்டு, சின்னதில்லை. சி எழுத்துக்கான தொகுதி 1893இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த எதுவும் இந்தக் காம்பேக்ட் பதிப்பில் கிடையாது, 1933 இணைப்பில் எட்டிப் பார்த்தவை போக. விமான நிலையத்து செக்-இன், கணினியின் ஸ்பெல்-செக், செய்தியாளர்களின் ஃபேக்ட்-செக் எல்லாம் இதற்குத் தெரியாது. இதற்குப் பழைய உதாரணம் ஒன்று புகழ்பெற்றது. 1880களில் ஏ பகுதியைத் தொகுத்தபோது 'அப்பெண்டிசைட்டிஸ்' வெறும் மருத்துவச் சொல் என்று விட்டுவிட்டார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அந்த நோயாலேயே தள்ளிப்போய், சொல் எல்லார் வாயிலும் ஏறியது. அகராதியில் அது இல்லை.

இன்னொரு குறை, சாட்சிகளைத் தேர்ந்த விதம். கவிஞர்களுக்கும் பெரிய எழுத்தாளர்களுக்கும் தாராளம். ஷேக்ஸ்பியரிலிருந்து மட்டும் ஏறத்தாழ 33,000 மேற்கோள்கள். பெண்கள் எழுதியது அந்த அளவுக்கு இல்லை. கணக்கர்களும் குமாஸ்தாக்களும் எழுதியதும் அப்படியே. செக் என்ற சொல்லை நாளெல்லாம் பிழைப்பாகப் புழங்கியவர்கள் நாங்கள்தான், எங்கள் லெட்ஜரை யாரும் படித்துத் தாள் எழுதி அனுப்பவில்லை. இந்தக் குறையை அகராதி ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள், பிற்காலத் திருத்தங்களில் நாட்குறிப்பு, கடிதம், செய்தித்தாள் எல்லாம் சேர்ந்து வருகின்றன.

அந்தத் திருத்தம் வேண்டுமானால் இணையப் பதிப்புக்குத்தான் போக வேண்டும். 1989இல் இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்தது, 2000இல் அகராதி இணையத்துக்கு வந்தது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தை எம் எழுத்திலிருந்து தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற பட்டம் 'செட்' கையில் இருந்தது. திருத்தத்தில் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் எண்ணி, பட்டத்தை அங்கே மாற்றிவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் முதன்முதலாகப் பதிவான சொற்கள், குறிப்பிட்ட மொழியிலிருந்து வந்த சொற்கள் என்றெல்லாம் இணையத்தில் தேடலாம். தாளில் அது நடக்காது. முழுதாகப் பார்க்கச் சந்தா வேண்டும். சில நாடுகளில் பொது நூலக அட்டை எண்ணே போதும். ஆகவே காசு கட்டும் முன் உங்கள் நூலகத்தில் விசாரியுங்கள்.

இருந்தும் நான் காம்பேக்டை விடாததற்குக் காரணம் பக்கத்துச் சொற்கள். இணையத்தில் கேட்டதுதான் கிடைக்கும். தாளில் 'செக்'கிலிருந்து 'செஸ்'ஸுக்குப் போகும் வழியில் சீஸ் வரும், 'செஃப்' வருவார், 'சீட்டா' வரும். சித்திரம் என்பதோடு உறவுள்ள, உடம்பெல்லாம் புள்ளி கொண்ட விலங்கு அது, ஹிந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வங்கி செக்கையும் செக்கரையும் தாண்டி, செஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் லென்ஸை நகர்த்தினால் 'செரூட்' நிற்கிறது. நம் சுருட்டு! தமிழிலிருந்து புறப்பட்டு, கப்பல்காரர்கள் வாயில் புகுந்து, பாரசீக ராஜாவின் வம்சத்துக்கு நடுவே சவுகரியமாக உட்கார்ந்திருக்கிறது. இதைத் தேடியிருந்தால் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

யார் வாங்கலாம்? மொழிபெயர்ப்பவர்கள், பழைய ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள், சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலையைக் கழிக்கத் தயாராக இருப்பவர்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்காதீர்கள், திட்டுவான். கட்டுரை எழுதும்போது ஒரு பொருள் சட்டென்று வேண்டும் என்பவருக்கும் ஒற்றைத் தொகுதி அகராதி ஒன்றே தாராளம். கண் பார்வையில் சிரமம் உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம், இணையப் பதிப்புதான்.

பழையதாக வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். இழுப்பறையில் லென்ஸ் இருக்கிறதா, இரண்டு தொகுதியும் ஒரே செட்டைச் சேர்ந்தவையா, இரண்டாம் தொகுதியின் கடைசியில் இணைப்புப் பகுதி முழுசாக இருக்கிறதா. கட்டுத் தளர்ந்திருக்கிறதா என்று விரித்துப் பார்க்கவும், இந்தக் கனத்துக்கு முதுகுதான் முதலில் விடும். 1991இல் வந்த ஒற்றைத் தொகுதிக் காம்பேக்டும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது இரண்டாம் பதிப்பு, ஒரு பக்கத்தில் ஒன்பது பழைய பக்கங்கள். சொற்கள் அதிகம், எழுத்து இன்னும் பொடி. லென்ஸை எடுக்காமல் அதில் எதையும் படிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

வாங்கிவிட்டால் முதல் நாளே 'செட்' பக்கம் போகாதீர்கள், மூச்சு முட்டும். 'பேங்க்' எடுத்துப் பாருங்கள், பணம் மாற்றுபவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து தொடங்கும். 'நைஸ்' ஒன்றும் அறியாதவனைக் குறித்த சொல்லாகக் கிளம்பி இனியவன்வரை வந்தது. 'சில்லி' நேர் எதிர்த்திசை, பாக்கியவானாக இருந்து அசடாக இறங்கியது. இந்த மூன்றும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்.